கடைசிப் பெயருக்கான கட்டம்

அந்த அறைக்குள் யாரும் செருப்போடு வரக் கூடாது என்று சட்டம் போட்டவள் நான்தான். தொண்ணூறுகளின் பிற்பாதி அது. காரைக்குடியில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையோடு ஒட்டிக்கொண்டிருந்த சிறிய ஆராய்ச்சிப் பிரிவில் நூலக உதவியாளராக இருந்தேன். வளாகம் முழுவதற்கும் இணையம் வரும் கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. அது என் அறையில் இருந்தது. ஏசி, தரையில் விரிப்பு, கம்ப்யூட்டருக்கு நானே தைத்துப் போட்ட பூப்போட்ட உறை. பேராசிரியர்கள்கூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையை மட்டும் உள்ளே நீட்டி, “வரலாமாம்மா?” என்று கேட்பார்கள். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. அந்தப் பெருமைதான் பின்னால் என்னைக் கவிழ்த்தது என்று நினைக்கிறேன்.

தொலைபேசி இணைப்பு அலுவலகத்துக்கும் எங்களுக்கும் பொது. அலுவலகத்தில் யாராவது ரிசீவரை எடுத்தால் போதும், இங்கே இணைப்பு அறுந்துவிடும். அரை மணி நேரம் காத்திருந்து திறந்த பக்கம் பாதியில் நின்றுபோகும். அதனால் காலை ஏழு மணிக்கே வந்து, அலுவலகம் திறக்கும் ஒன்பதரைக்குள் இணைய வேலையை முடித்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குக்கூட நான் அவ்வளவு நேரத்தோடு போனதில்லை என்று என் வீட்டுக்காரர் குத்திக்காட்டுவார். உண்மைதான். பூசைக்குத் தாமதமாகப் போனால் கடைசி வரிசையில் நின்றுகொள்ளலாம். மோடம் யாருக்காகவும் காத்திருக்காது.

கடல் தாண்டிய பல்கலைக்கழகம் ஒன்று அப்போதுதான் ஒரு கட்டுரைக் காப்பகத்தை இணையத்தில் திறந்திருந்தது. யார் வேண்டுமானாலும் தன் ஆராய்ச்சிக் கட்டுரையை அதில் ஏற்றலாம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். சந்தா கிடையாது. இன்றைக்கு இதைச் சொன்னால் யாருக்கும் அதிசயமாகத் தெரியாது. அன்றைக்கு எங்கள் நூலகத்துக்கு வந்துகொண்டிருந்த வெளிநாட்டு இதழ்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயிருந்தன. ஒரு கட்டுரை வேண்டுமென்றால் அதை எழுதியவருக்கே அஞ்சலட்டை போட்டு, தயவுசெய்து ஒரு பிரதி அனுப்புங்கள் என்று கேட்டுக் காத்திருப்போம். சிலர் அனுப்புவார்கள். பலர் அனுப்ப மாட்டார்கள். அப்படிக் கையேந்திப் பழகியவர்களுக்குப் பூட்டில்லாத அலமாரி என்பதே நம்ப முடியாததாக இருந்தது.

அதிலும் அது சும்மா அடுக்கி வைத்த அலமாரி இல்லை. கேட்டால் பதில் சொல்லும். தேடும் கட்டம் ஒன்றில் ஒருவர் பெயரைத் தட்டினால் அவர் எழுதியதையெல்லாம் வரிசையாகக் கொண்டுவந்து காட்டும். கட்டுரையோடு அட்டவணையையும் சேர்த்து அனுப்பினால், படிக்கிறவர் தனக்கு வேண்டிய எண்ணைப் போட்டு, அதற்குரிய கோட்டைத் திரையிலேயே வரைந்து பார்த்துக்கொள்ளலாம். எங்கள் இணைப்பின் வேகத்தில் அந்தப் படம் மேலிருந்து கீழாக, வரிவரியாக இறங்கும். நாங்கள் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்ப்போம்.

அப்படிப் பார்க்க வந்தவர்களில் ஒருவன்தான் அந்த ஆய்வு மாணவன். நான் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன். மானகிரிக்காரன். தச்சுக் குடும்பம். அவன் அப்பாவுக்கு அப்போது கை நிறைய வேலை இருந்தது. பெரிய வீடுகளைப் பங்கு பிரித்து, இடிக்க முடிவு செய்தவர்கள், கதவையும் நிலையையும் தூணையும் சிதையாமல் கழற்றித் தர அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் ஆணியை நெம்பி எடுக்க மாட்டார். மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, குறடால் பிடித்து, நெளியாமல் நேராக இழுத்து எடுப்பார். மரத்தில் காயம் படக் கூடாது என்பதற்காக அவர் வைத்திருந்த வழக்கம் அது. எடுத்த ஆணியை யாரும் சீண்ட மாட்டார்கள். அது மூலையில் குவிந்து கிடக்கும்.

தம்பியின் ஆராய்ச்சி அந்தக் குவியலிலிருந்துதான் பிறந்தது. பல வீடுகளில் நிலைக்கு மேலேயோ முகப்பிலோ கட்டிய ஆண்டு பொறித்திருக்கும். எந்த மரம் என்று அவன் அப்பாவுக்குத் தெரியும். அப்படியானால் இந்த ஆணி இந்த மரத்துக்குள் இத்தனை ஆண்டுகள் இருந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். தேக்குக்குள் இரும்பு எவ்வளவு தேய்ந்தது, வேம்புக்குள் எவ்வளவு, பலாவுக்குள் எவ்வளவு என்று அவன் ஒவ்வொரு ஆணியாக அளந்தான். வெளிநாட்டில் இதற்கு உப்புக் கரைசலும் பெட்டியும் வைத்துப் பல மாதம் சோதனை செய்வார்கள். இவனுக்கு நூறு வருசத்துச் சோதனையை ஊரே முடித்து வைத்திருந்தது. துறைத்தலைவர் அவன் அட்டவணையைப் பார்த்துவிட்டு, “இதைச் சும்மா வச்சிருக்காதே, காப்பகத்துல ஏத்து” என்று என்னிடம் அனுப்பினார்.

ஏற்றிய அன்று காலை எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. கட்டுரையைச் சேர்த்தாயிற்று, அட்டவணையைச் சேர்த்தாயிற்று. கடைசியாக எழுதியவர் விவரம் கேட்டது. முதல் பெயருக்கு ஒரு கட்டம், கடைசிப் பெயருக்கு ஒரு கட்டம். இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். எதைக் காலியாக விட்டாலும் உள்ளே விடாது. நம் ஊரில் ஒருவருக்கு ஒரு பெயர்தான். அப்பாவின் பெயர் சுருங்கி ஒற்றை எழுத்தாகி அதற்கு முன்னால் நிற்கும். கடைசிப் பெயர் என்று நம்மிடம் என்ன இருக்கிறது? எனக்கே கல்யாணத்தன்று அப்பாவின் எழுத்து போய்ப் புருசனின் எழுத்து வந்தது. அதையும் நான் ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை.

முதல் கட்டத்தில் அவன் பெயரை அடித்தேன். இரண்டாவது கட்டத்தில் அவன் அப்பாவின் பெயரை முழுதாக அடித்தேன்.

“அக்கா, அது எங்கப்பா பேருல்ல?” என்றான்.

“கடைசிப் பேருன்னா குடும்பப் பேரு. உனக்குக் குடும்பப் பேருன்னு இருக்கிறது அதுதான். மணி ஒன்பதே கால். இப்ப யாராவது போனை எடுத்தா எல்லாம் போச்சு. அமுக்கவா, வேண்டாமா?”

அவன் சரி என்றான். நான் அமுக்கினேன்.

இரண்டு நாள் கழித்துக் கட்டுரை காப்பகத்தில் வந்துவிட்டது. திறந்து பார்த்தோம். எழுதியவர் என்ற இடத்தில் அவன் அப்பாவின் பெயர் முழுதாக நின்றது. அதற்குப் பின்னால் ஒரு காற்புள்ளி, ஒற்றை எழுத்து. அவன் பெயரை அது சுருக்கிவிட்டிருந்தது; அந்த ஒற்றை எழுத்துதான் தம்பி. முதலில் அவன் சிரித்தான். “எங்கப்பா கட்டுரை எழுதிட்டாகக்கா. ஆறாம் வகுப்போட நின்னவுக” என்றான். நானும் சிரித்தேன். பிறகு அவன் எழுந்து என் பக்கமாக வந்து, தேடும் கட்டத்தில் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். திரை வெள்ளையாகி, வெகுநேரம் அப்படியே நின்று, பிறகு ஒரே ஒரு வரி வந்தது.

“என்னக்கா போட்டிருக்கு?”

“அப்படி ஒருத்தர் இல்லையாம்” என்றேன்.

அவனுக்கு அந்த ஆங்கில வரியைப் படிக்கத் தெரியாதா என்ன? வேறு யாராவது வேறு மாதிரி சொல்ல மாட்டார்களா என்று கேட்டிருப்பான். நான் கறாராக உள்ளதைச் சொல்லிவிட்டு உறையை எடுத்துக் கம்ப்யூட்டரை மூடினேன்.

மறுவாரமே அவன் கேட்டான், இதை மாற்ற வழி உண்டா என்று. உண்டு. திருத்தம் கோருவதற்கென்று அந்தக் காப்பகத்தில் தனிப் பக்கமே இருந்தது. ஆனால் அதைத் திறந்து, நிரப்பி, உறுதி செய்யச் சொல்லி அவர்கள் அனுப்பும் ஈமெயிலுக்குக் காத்திருந்து, மறுபடி உள்ளே போக வேண்டும். இரண்டு காலை வேலை. எனக்கோ அந்த மாதம் துறைத்தலைவரின் நான்கு கட்டுரைகள் வரிசையில் இருந்தன. அடுத்த வாரம் பார்க்கலாம் தம்பி என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன்.

சிவகங்கையில் ஒரு கல்லூரி விரிவுரையாளர் வேலைக்கு அவன் விண்ணப்பித்திருந்தான். நேர்முகத்துக்கு முந்தைய வாரம் வந்து நின்றான். “மறந்துட்டீகளாக்கா? இன்டர்வியூல கேட்டா, இதுதான் என் கட்டுரைன்னு காட்டணும். அதுல எம் பேரே இல்லையே.”

“அவுக என்ன கம்ப்யூட்டரைத் தட்டியா பாக்கப் போறாக? கையில இருக்கிற காகிதத்தைக் காட்டு, போதும்” என்றேன். கொஞ்சம் எரிச்சலோடு சொன்னேன். அதுதான் நாங்கள் இருவரும் கடைசியாகப் பேசிக்கொண்டது.

நேர்முகத்துக்கு அவன் போகவில்லை. மஞ்சள் காமாலை. முதலில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு காரைக்குடியில் ஒரு டாக்டர், பிறகு மதுரை பெரிய ஆஸ்பத்திரி. மூன்றே வாரம். துறையிலிருந்து எல்லோரும் மானகிரிக்குப் போனோம். மாலையை வைத்துவிட்டு வந்தவர்களோடு நானும் வந்துவிட்டேன். அங்கே நின்று அழ எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. அப்பாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் மகன். அங்கே மகனுக்கு அப்பா வைத்தார்.

அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டரின் உறையைக் கழற்றும்போதெல்லாம் அவன் தன் பெயரைத் தட்டியதுதான் நினைவுக்கு வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அவன் செத்ததை விட அவன் கேட்டது என்னை வாட்டியது. சாவு என் கையில் இல்லை. அந்த இரண்டு காலைகள் என் கையில் இருந்தன. கல்லறைத் திருநாளன்று எங்கள் வீட்டார் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, மீதியிருந்த ஒன்றைச் சுவர் ஓரமாக வெறும் மண்ணில் ஏற்றி வைத்தேன். அது யாருக்கு என்று வீட்டுக்காரர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அதற்கு அடுத்த வாரம் தம்பியின் அப்பா கல்லூரிக்கு வந்தார். மகனின் நோட்டுகளையும், ஆணிகள் முடிந்து வைத்திருந்த துணி மூட்டைகளையும் வாங்கிப் போக வந்திருந்தார். ஒவ்வொரு மூட்டையிலும் ஆண்டும் மரமும் எழுதிய சீட்டு இருந்தது. காலை எட்டு மணி இருக்கும். நான் ஒன்றும் சொல்லாமலே செருப்பை வாசலுக்கு வெளியே, அதுவும் இரண்டடி தள்ளி, விட்டுவிட்டு நின்றார். வெள்ளைச் சட்டை, தலை மழித்து இன்னும் சரியாக முளைக்காத முடி. உள்ளே வரச் சொன்னேன். விரிப்பில் கால் வைக்கத் தயங்கினார்.

“தாயி, அவன் என்னமோ கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்கேன், உலகத்துல எங்குட்டு இருந்தும் பாக்கலாம்னு சொன்னான். அதைக் கண்ணால ஒருக்காப் பாத்துட்டுப் போகலாமா?”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இணைப்பு சரியில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்து, கட்டுரையைத் திறந்தேன். வேண்டுமென்றே பெயர் இருந்த மேல்பகுதியைத் தாண்டிக் கீழே, அட்டவணைக்குப் போய்விட்டேன். இங்கே மரத்தின் பெயரையும் எத்தனை வருசம் என்பதையும் போட்டால் ஆணி எவ்வளவு தேய்ந்திருக்கும் என்று படம் வரும் ஐயா, என்று விளக்கினேன். அவருக்கு உடனே புரிந்தது. அவர் கையில் வந்து போன ஆணிகள்தானே எல்லாம்.

“நீங்களே ஒண்ணு சொல்லுங்க ஐயா. எந்த மரம், எத்தனை வருசம்?”

“தேக்கு” என்றார். “இருபத்தேழு.”

போட்டேன். படம் வரிவரியாக இறங்கியது. கோடு ஏறக்குறைய படுத்தே கிடந்தது. ஆணி போட்டபடியே இருக்கிறது என்று அதற்குப் பொருள். அதைச் சொன்னேன்.

“ஆமா. இருபத்தேழு வருசத்துல தேக்குல ஆணிக்கு ஒண்ணும் ஆகாது. ஒண்ணுமே ஆகக் கூடாது” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, தம்பிக்கு இருபத்தேழு வயது என்று. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் திரும்பிய நேரத்தில் அவர் மவுசைத் தொட்டிருக்கிறார். பக்கம் மேலே ஓடி, கட்டுரையின் தலைப்புக்குப் போய் நின்றுவிட்டது.

அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் தன் பெயரை ஆங்கிலத்தில் தெரியும். அவருடைய பட்டறை வாசலில் இருந்த பலகையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் அவர் பெயரை எழுதிக் கொடுத்தவனே தம்பிதான். வருசக்கணக்காகப் பார்த்த எழுத்துகள். விரலை நீட்டித் திரையைத் தொடாமல் காட்டினார்.

“இது எம் பேருல்ல?”

“ஆமாய்யா.”

“எம் பேரை எதுக்குப் போட்டிருக்கீக? எம் மகன் பேரு எங்குட்டு இருக்கு?”

பக்கத்தில் இருந்த ஒற்றை எழுத்தைக் காட்டினேன். அவர் அந்த எழுத்தைப் பார்த்தார், தன் பெயரைப் பார்த்தார், மறுபடி அந்த எழுத்தைப் பார்த்தார். சத்தம் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சத்தம் போடவில்லை.

“முறை மாறிப் போச்சே தாயி” என்றார். “ஒத்த எழுத்தா நிக்க வேண்டியவன் நானுல்ல? அவன்ல முழுசா நிக்கணும்.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டத்தில் அவர் பெயரை அடித்தது நான், தம்பி அப்போதே கேட்டான், பெயரைத் தட்டினால் ஆள் வரும் இடத்தில் அவன் பெயருக்கு யாரும் வரவில்லை, பிறகு இரண்டு முறை மாற்றச் சொல்லிக் கேட்டான், நான்தான் செய்யவில்லை. சொல்லி முடிக்கும்வரை அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. “இனிமே மாத்த முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லுங்க” என்றார். முடியும் என்றேன். அவன் இல்லாமல் எப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள் ஆறே முக்காலுக்கே போய்த் திருத்தம் கோரும் பக்கத்தைத் திறந்தேன். நிரப்பிக்கொண்டே வந்து கடைசி வரியில் நின்றுவிட்டேன். இந்தக் கட்டுரையை எழுதியவர் நானே என்று உறுதி அளிக்கிறேன் என்ற வரி. பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம். அதில் குறி போட்டால்தான் மேலே போகும். உறுதிப்படுத்தும் ஈமெயிலும் துறையின் பொது முகவரிக்கு, அதாவது என்னிடம்தான் வரும். ஒரு குறி, ஒரு பதில், வேலை முடிந்தது. எந்தக் காப்பகத்துக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் ஏற்கெனவே ஒரு முறை அவனுக்குப் பதிலாக நான் முடிவெடுத்திருந்தேன். செத்தவன் கையைப் பிடித்து மறுபடியும் ஒரு பொய்க் குறி போட எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தை மூடினேன்.

காப்பகத்தை நடத்துகிறவர்களுக்கே உண்மையை எழுதுவோம் என்று துறைத்தலைவரிடம் போனேன். கட்டுரையில் வழிகாட்டி என்று அவர் பெயரும் இருந்தது. அவர் சம்மதம் வேண்டும். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஏம்மா, இது ஒரு விஷயமா? என் கட்டுரை எல்லாமே எங்கப்பா பேர்லதான் கிடக்கு. முப்பது வருஷமா வெளிநாட்டுக்காரன் எங்கப்பாவைத்தான் டாக்டர்னு கூப்பிட்டுக் கடிதம் போடுறான். அதனால நான் என்ன செத்தா போயிட்டேன்?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது. துடைப்பதை நிறுத்தினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “எழுதும்மா. நானும் சம்மதம்னு போட்டுக்க” என்றார். அன்றைக்கு மாலை அவர் என் அறைக்கு வந்து, வாசலில் நின்று, தன் பெயரையும் ஒருமுறை தேடிக் காட்டச் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். அப்படி ஒருவர் இல்லை.

காப்பகத்திலிருந்து நான்கு நாளில் பதில் வந்தது. இயந்திரம் எழுதியது இல்லை, ஒரு மனிதர் எழுதியது. வருத்தம் தெரிவித்திருந்தார். எழுதியவர் உயிரோடு இல்லாததால், இப்போது யாருடைய பெயர் அங்கே நிற்கிறதோ அந்தக் குடும்பத்தவரிடமிருந்து ஒரு வாக்குமூலம் இருந்தால் மாற்றிவிடலாம் என்றார். சனிக்கிழமை மானகிரிக்குப் போனேன். பட்டறையில் ஒரு பழைய கதவு பெஞ்சின் மேல் கிடந்தது. அவர் அதை ஒதுக்கிவிட்டு, காதில் செருகியிருந்த தட்டைப் பென்சிலை எடுத்து, நான் கொடுத்த தாளில் தமிழில் எழுதினார். எழுதி முடிக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அந்தக் கடிதம் இது: “ஐயா அவர்களுக்கு. இதில் உள்ள ஆணிகளைக் கழற்றியது நான். அதற்குக் குறடும் கையும் போதும். ஆணியைப் பார்த்து யோசனை பண்ணியதும் அளந்ததும் எழுதியதும் என் மகன். நான் எழுதாத கட்டுரையில் என் பெயர் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு என் மகன் பெயரை முழுசாகப் போடவும். அவன் இருக்கும்போதே இதைக் கேட்டான்.”

கடைசி வரியைப் படித்தபோது நான் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த வரி என்னைக் குற்றம் சொல்ல எழுதியதா, மகனுக்காகப் பரிந்து எழுதியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் துணியவில்லை. ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்பும்போது அதை விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். விடவில்லை. அதையும் சேர்த்தே தட்டினேன்.

அடுத்த வாரம் பதில் வந்தது. மாற்றிவிட்டதாகச் சொல்லி, அந்த மனிதர் போகிற போக்கில் ஒரு யோசனையும் எழுதியிருந்தார்: உங்கள் ஊர்ப் பெயர்களுக்கு இனி கடைசிப் பெயருக்கான கட்டத்தில் அவரவர் பெயரைப் போடுங்கள், முதல் பெயருக்கான கட்டத்தில் அந்த ஒற்றை எழுத்தை மட்டும் போடுங்கள், ஏற்றுக்கொள்ளும். அவ்வளவுதான். இரண்டு கட்டங்களில் இதை அங்கேயும் அதை இங்கேயும் போட்டிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். ஒன்பதே காலுக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் தாராளமாக நேரம் இருந்தது. அன்றைக்குத்தான், அவன் செத்து இரண்டு மாதம் கழித்து, அந்தக் குளிர்ந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நான் வாய்விட்டு அழுதேன்.

இன்னொன்றையும் அந்தப் பதிலில் சொல்லியிருந்தார்கள். திருத்திய வடிவம் மேலே இருக்கும். பழையதை அழிக்க மாட்டார்கள், அது அடியில் கிடக்கும். திறந்த காப்பகத்தின் ஒழுங்கு அது. ஆக, என் தவறும் அங்கே இருக்கிறது. உலகத்தில் எங்கிருந்தும் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அது சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

சொல்லி அனுப்பியதும் அவர் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். ஏழு மணிக்கு நான் பூட்டைத் திறக்கும்போது வாசலில் நின்றிருந்தார். செருப்போடே வாருங்கள் ஐயா என்றேன். அவர் கேட்கவில்லை, வழக்கம்போல இரண்டடி தள்ளியே விட்டார். இந்தத் தடவை தயங்காமல் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நான் கட்டுரையைத் திறக்கப் போனேன்.

“அது வேண்டாம் தாயி. பேரைத் தட்டுனா ஆள் வரும்னு சொன்னீகளே, அதைச் செய்யுங்க. அவனைக் கூப்பிட்டுப் பாருங்க.”

தேடும் கட்டத்தில் தம்பியின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். திரை வெள்ளையானது. வெகுநேரம் வெள்ளையாகவே நின்றது. அவர் மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது. அலுவலகத்தில் யாராவது சீக்கிரம் வந்து ரிசீவரை எடுத்துவிடக் கூடாதே என்று மாதாவை வேண்டிக்கொண்டேன். பிறகு மேலிருந்து ஒரு வரி இறங்கியது. அவன் பெயர், முழுதாக. அதற்குப் பின்னால் அவருடைய ஒற்றை எழுத்து. நான் எதுவும் படித்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

“வந்துட்டான்” என்றார்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “இன்னொருக்காக் கூப்பிடுங்க” என்றார். பக்கத்தை மூடிவிட்டு மறுபடி தட்டினேன். மறுபடி வந்தான். ஒன்பதரை மணிக்கு அலுவலகத்தில் போனை எடுக்கும்வரை நாங்கள் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம்.